மஞ்சள் விளக்கு எரிந்தால்...

திருச்சியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூரை நெருங்குவதற்குச் சற்று முன்னதாக வரும் ஊர் சிறுவாச்சூர். அங்குள்ள மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும் மட்டுமே திறக்கப்படுவதால், அவ்விரு நாள்களிலும் சாலையோரமெங்கும் கார்கள் அணிவகுத்து நிற்கும். மற்ற நாள்களில் லாரிகளின் இரைச்சல்தான். அந்த ஊரில் குடியிருக்கும் என் மனைவியின் தம்பி, சென்ற கோடையில் ஒருநாள் காலையில், குடும்பத்தோடு ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் திருத்தலத்துக்குப் புறப்பட்டார். கார் அவருடையதுதான், பிறர் ஓட்டிய வண்டியை வாங்கியது. ஊர் எல்லையைத் தாண்டுமுன்னே, ஸ்டியரிங்குக்கு எதிரில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரிந்தது.

நெடுஞ்சாலையோரத்துப் பட்டறை ஒன்றில் வண்டியை நிறுத்தினார்கள். அங்கிருந்த இளைஞர் கையடக்கக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து செருகினார். திரையில் ‘பி 0135’ என்று ஓர் எண் தோன்றிற்று. “ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது. புதிது போட ஏழாயிரம் ஆகும்” என்றார் அவர். மைத்துனர் திகைத்துப்போனார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென எடுத்துவைத்த தொகையைத் தவிர அவர் கையில் அப்போது வேறு பணமில்லை. பயணத்தை நிறுத்தி, வண்டியை மெல்ல வீட்டுக்கே திருப்பிக்கொண்டு வந்து, எனக்குப் பேசினார். “மாமா, உங்களிடமும் அந்தக் கருவி இருக்கிறதே, ஒருமுறை வந்து பார்க்கிறீர்களா?”

நான் போன கதையைப் பிறகு சொல்கிறேன். இத்தகைய கருவியை வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது, வாங்கியபின் அதன் சொல்லை எவ்வளவு தூரம் நம்புவது என்று நம் பங்குகளில் கார் வைத்திருக்கும் பலர் கேட்கிறார்கள். ஆகவே முதலில் அந்த விளக்கின் பிறப்பை அறிந்துகொள்வது நலம்.

வாகனப் புகையால் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், 1988-ஆம் ஆண்டு மாடல் கார்கள் முதல், புகையைக் கட்டுப்படுத்தும் உறுப்புகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று காரே தன்னைத்தான் சோதித்துக்கொள்ள வேண்டுமென விதித்தது. அந்நாள்களில் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிச் செருகியும் தனித்தனிக் குறியீடும் வைத்திருந்தது. 1996-இல்தான் அமெரிக்கக் கார்கள் அனைத்துக்கும் ஒரே வகைச் செருகியும் ஒரே குறியீட்டு முறையும் கட்டாயமாயின. அதனையே ஓ.பி.டி. 2 என்கிறார்கள். நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 நெறிக்கு உட்பட்ட கார்களில் 2010 ஏப்ரல் முதல் அதன் முதற்படியும், 2013 ஏப்ரல் முதல் இரண்டாம் படியும் வந்தன. அந்த நெறி நாடு முழுவதற்கும் விரிந்தது 2017 ஏப்ரலில். 2020 ஏப்ரலில் ஸ்டேஜ் 6 வந்துவிட்டது. ஆகவே, உங்கள் வண்டி அண்மைக் காலத்ததாயின் கவலை இல்லை. 2013-க்கு முந்தியதாயின், செருகி இருந்தாலும் கருவியோடு அது பேசாமல் போகலாம். வாங்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செருகி 16 துளைகள் கொண்டது. பெரும்பாலும் ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே, ஸ்டியரிங்குக்கு அடியில் ஒளிந்திருக்கும். குறியீட்டின் முதலெழுத்து, பழுது எப்பகுதியில் என்பதைக் காட்டும்: ‘பி’ என்றால் எஞ்சினும் கியரும், ‘சி’ என்றால் பிரேக் போன்ற அடிப்பகுதி உறுப்புகள், ‘பி’ போலவே ஒலிக்கும் மற்றோர் ஆங்கில எழுத்து காரின் உடற்பகுதிக்கு உரியது, ‘யு’ என்றால் காரிலுள்ள கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில் வந்த தடை. அடுத்து வரும் எண் 0 ஆயின் எல்லாக் கார்களுக்கும் பொதுவான குறியீடு. 1 ஆயின் அந்தந்த நிறுவனத்துக்கே உரியது.

இனி சிறுவாச்சூருக்கு வருவோம். என் கருவியிலும் அதே பி 0135 தான் வந்தது. பட்டறை இளைஞர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணின் பொருளை நிதானமாகப் படித்தால், ‘முதல் ஆக்ஸிஜன் சென்சாரைச் சூடாக்கும் மின்சுற்றில் குறை’ என்றுதான் இருக்கிறது. சென்சார் கெட்டது என்று இல்லை. புகைக்குழாயில் பொருத்தப்பட்ட அந்த உறுப்பு, நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும். அதற்காக உள்ளே ஒரு சிறு சூடேற்றி வைத்திருக்கிறார்கள். அதற்கு மின்சாரம் போகவில்லை என்பதே காரின் புகார். பியூஸ் போயிருக்கலாம், இணைப்பு தளர்ந்திருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம், சூடேற்றியே எரிந்தும் இருக்கலாம்.

அடுத்த தெருவில், பல்லாண்டு லாரிப் பட்டறை நடத்தி ஓய்ந்த முதியவர் ஒருவர் இருந்தார். அவரை அழைத்துவந்தோம். கருவியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எந்தத் தெரு என்று அது சொல்லும் தம்பி, எந்த வீடு என்று நாமல்லவா தேட வேண்டும்?” என்றபடி டார்ச் விளக்கை வாங்கிக்கொண்டு குனிந்தார். ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்தது. கார் நிற்கும் கொட்டகையில்தான் மக்காச்சோள மூட்டைகளையும் அடுக்கியிருந்தார் மைத்துனர். சோளத்துக்கு வந்த எலி, சென்சாருக்குப் போகும் கம்பியையும் சுவைத்திருக்கிறது! கம்பியை ஒட்டுப்போட்டு, பற்றவைத்து, உறை சுற்றியதற்கு எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய். பெரியவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். காபி மட்டும் குடித்தார்.

அந்த இளைஞரை நான் குறைகூற மாட்டேன். எண்ணைப் பார்த்தவுடன் உறுப்பை மாற்றுவது என்று அவருக்கு யாரோ கற்பித்திருக்கிறார்கள். கருவியைக் கையில் வாங்கும் நாமும் அதே தவற்றைச் செய்யக்கூடியவர்களே. சொல்லப்போனால், நாம் இன்னும் விரைவாகச் செய்வோம்.

எந்தக் கருவியை வாங்குவது? கடைகளில் மூன்று வகை உண்டு. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிதான, ப்ளூடூத் வழியாகக் கைபேசியோடு பேசும் சிறு கருவி முதலாவது. சில நூறு ரூபாயிலேயே கிடைக்கிறது. தனித் திரையும் பொத்தான்களும் உள்ள கையடக்கக் கருவி இரண்டாவது. சில ஆயிரங்கள் ஆகும். மூன்றாவது பட்டறைக்காரர்களுக்கு உரியது. விலை பல மடங்கு. ஒரே காரை வைத்துக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு மூன்றாவது வகை வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து. அண்டை வீட்டாரின் வண்டிகளையும் பார்க்க நேரும் என்றால் இரண்டாம் வகை நல்லது. கைபேசியில் செயலி, கடவுச்சொல் என்று எந்தத் தொல்லையும் இல்லை. உண்மையில், ஓர் அன்பியத்துக்கு ஒரு கருவி இருந்தால் போதும்.

ப்ளூடூத் கருவிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவற்றில் பெரும்பாலானவை இ.எல்.எம். 327 என்னும் சில்லைப் பெயரளவில் சொல்லி விற்கப்படுபவை. அதனை வடிவமைத்தது கனடா நாட்டுச் சிறு நிறுவனம் ஒன்று. அந்நிறுவனம் 2022-இல் தொழிலை நிறுத்திவிட்டது. சந்தையில் குவிந்து கிடப்பவை போலிகளே. போலியென்றால் எல்லாமே பயனற்றவை என்று பொருளல்ல. பல நன்றாகவே உழைக்கின்றன. ஆயினும் சில, கார்கள் பயன்படுத்தும் மொழிகள் எல்லாவற்றையும் அறியா. உங்கள் காரோடு இணையாமல் விழிக்கும். ஒத்துவராவிட்டால் திருப்பித் தரலாம் என்ற உறுதி தரும் கடையில் வாங்குங்கள். ஐபோன் வைத்திருப்போர், அதனோடு இணையும் வகைதானா என்று தனியே கேட்க வேண்டும். குறியீட்டை மட்டுமன்றி, எஞ்சின் ஓடும்போது வெப்பம், மின்னழுத்தம் போன்றவற்றை உடனுக்குடன் காட்டுவதும், பழுது தோன்றிய கணத்தின் நிலவரத்தைச் சேமித்துக் காட்டுவதுமான கருவியே வாங்கத் தக்கது. விலை குறைந்தவை ஏ.பி.எஸ்., ஏர்பேக் ஆகியவற்றின் பழுதுகளைப் பெரும்பாலும் படிக்கா.

பயன்படுத்தும் முறை எளிது. வண்டியை நிறுத்தி, கருவியைச் செருகி, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். குறியீட்டைப் படித்தவுடன் ஒரு குறிப்பேட்டில் தேதியோடும் கிலோமீட்டரோடும் எழுதி வைத்துவிடுங்கள். அழிக்கும் பொத்தானை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். அழித்தால் பழுதான கணத்தின் நிலவரமும் சேர்ந்தே மறைந்துவிடும். பிறகு காசு செலவில்லாதவற்றை முதலில் பாருங்கள்: பேட்டரி முனைகள், ரப்பர்க் குழாய்கள், இணைப்புகள், எலிக்கடி, காற்று வடிகட்டி. சிமென்ட் ஆலைகளின் லாரிகள் ஓடும் அரியலூர்ச் சாலைகளில் அன்றாடம் செல்வோரின் வடிகட்டி, புத்தகத்தில் குறித்த காலத்துக்கு முன்பே அடைத்துக்கொள்ளும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி மின்னழுத்தம் பொதுவாகப் பதின்மூன்றரை முதல் பதினான்கரை வோல்ட் வரை இருக்கும். பன்னிரண்டிலேயே நின்றால், மின்னாக்கியைக் கவனிக்க வேண்டும். பேட்டரியையே மாற்றிவிட்டு, அடுத்த வாரம் மீண்டும் வண்டியைத் தள்ளுவோர் எத்தனை பேர்!

பெட்ரோல் கார்களில் அடிக்கடி வரும் பி 0301-ஐ எடுத்துக்கொள்வோம். முதலாம் சிலிண்டரில் சரியாக எரியவில்லை என்று பொருள். சிலிண்டருக்கு ஒரு இக்னிஷன் காயில் உள்ள வண்டியாயின், எஞ்சின் ஆறியபின், முதலாவதன் காயிலை இரண்டாவதற்கும் இரண்டாவதன் காயிலை முதலாவதற்கும் மாற்றிப் பொருத்தி, குறியீட்டை அழித்து, சற்றுத் தூரம் ஓட்டிப் பாருங்கள். பி 0302 என்று வந்தால் குற்றவாளி காயில்தான். மீண்டும் பி 0301 என்றே வந்தால் காயில் மீது பழியில்லை. ஸ்பார்க் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பாருங்கள். ஒரு ரூபாயும் செலவின்றி உண்மை வெளிப்படுகிறது.

விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி வீடு சேரலாம். அதே விளக்கு விட்டுவிட்டு மின்னினால் எரியாத எரிபொருள் புகைக்குழாய்க்குள் போகிறதென்று அர்த்தம். வேகத்தைக் குறைத்து, நிறுத்தக்கூடிய இடத்தில் நிறுத்திவிடுங்கள். ஆயில் விளக்கோ வெப்ப விளக்கோ சிவப்பாக எரிந்தால் கருவியைத் தேடவே வேண்டாம். உடனே எஞ்சினை அணையுங்கள். பிரேக், ஏர்பேக், டீசல் வண்டியின் உயர் அழுத்த எரிபொருள் குழாய் ஆகியவற்றில் வீட்டுக் கைவேலை கூடாது. ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீறிடும் டீசல், தோலைத் துளைத்து உள்ளே போகும்.

விளக்கை அழிப்பதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. பழுதை நீக்காமல் குறியீட்டை மட்டும் அழிப்பது, திருந்தும் எண்ணமின்றிச் செய்த பாவசங்கீர்த்தனம் போன்றது; இரண்டொரு நாளில் மீண்டும் அதே விளக்கு. அதைவிடக் கொடியது, விற்பதற்கு முந்தின நாள் அழித்துவிட்டு, “வண்டியில் ஒரு குறையுமில்லை” என்பது. வாங்குபவரும் நம்மைப்போல் கடன்பட்டு வாங்குபவரே. ஆனால் வாங்கச் செல்வோருக்கு ஒரு வழி இருக்கிறது. காரின் சுயசோதனைகள் முடிந்துவிட்டனவா என்று கருவி காட்டும். குறியீட்டை அண்மையில் அழித்திருந்தால் பல சோதனைகள் ‘முடியவில்லை’ என்றே நிற்கும். பேட்டரியைக் கழற்றியிருந்தாலும் அப்படி நிற்பதுண்டு. எனவே விற்பவரைக் குற்றஞ்சாட்டாமல், “சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி பார்க்கிறேன்” என்று சொல்லுங்கள். மறுத்தால் வேறு வண்டி பாருங்கள்.

கருவிகள் இன்று எளிதில் கிடைக்கின்றன. ஆனால் நிறுவனங்களுக்கே உரிய குறியீடுகளும் கையேடுகளும் நெடுங்காலம் அவர்களின் பணிமனைகளைத் தாண்டி வெளியே வரவில்லை. ஒரு நுகர்வோர் 2011-இல் தொடுத்த புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், உதிரிப் பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு, 2014 ஆகஸ்டு 25 அன்று, ரூ.2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமையை ஆராய ஒரு குழுவை அமைத்தபோது, கார்களும் அதன் பட்டியலில் இடம்பெற்றன. நம் ஊர்ச் சிறு பட்டறைகள் வாழ்வதும் தாழ்வதும் இதைப் பொறுத்தது. ஆகவே கருவி கையில் வந்ததும் மெக்கானிக்கிடம் நீதிபதிபோல் போய் நிற்காதீர்கள். குறிப்பேட்டைக் காட்டி, என்ன நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

இன்னுமொன்று: வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றிவிடுங்கள். வண்டி நாள்கணக்கில் நின்றால் அது பேட்டரியைச் சிறுகச் சிறுகக் குடித்துவிடும். ஓட்டிக்கொண்டே திரையைப் பார்ப்பதோ அதனினும் ஆபத்து. அருகில் இருப்பவர் பார்க்கட்டும்.

மைத்துனர் குடும்பம் அடுத்த சனிக்கிழமை ஏலாக்குறிச்சிக்குப் போய்வந்தது. அரியலூர், திருமானூர் வழியாகப் போகவும் வரவும் விளக்கு எரியவில்லையாம். மக்காச்சோள மூட்டைகளை மட்டும் கார்க் கொட்டகையிலிருந்து மாடி அறைக்கு ஏற்றிவிட்டார்கள்.