பைன் பலகையில் தீட்டிய மஹோகனி

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னான் மாளிகையின் நடுக்கூடத்துச் சுவர்ப்பலகைகள் பார்வைக்கு மஹோகனியாகத் தோன்றினாலும் உண்மையில் பைன் மரத்தால் ஆனவை. 1797இல் அவற்றின் மீது மஹோகனியின் ரேகைகள் வண்ணத்தால் வரையப்பட்டன. அடிநிறம் பூசி உலர்ந்தபின், ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சு ஒன்றைத் தடவி, அது காய்வதற்குள் தூரிகையால் ரேகைகளை இழுத்து உருவாக்குவது இக்கலையின் முறை.

பழைய வீட்டின் மரவேலையைப் புதுப்பிப்போர் பூச்சு முழுவதையும் சுரண்டி, வெறும் மரத்தை ‘அசல்’ என்று காட்டுவது எத்தகைய பிழை என்பதற்கு இக்கூடமே போதிய சான்று. இங்கு அசல் என்பது பூச்சுதான், அதைச் சுரண்டினால் கிடைப்பது வீட்டு உரிமையாளர் ஒருபோதும் காட்ட விரும்பாத மலிவான பைன் மரம்.

எனவே ஆய்வாளர்கள் முதலில் கதவுச்சட்டத்தின் மூலை போன்ற, தேய்மானம் எட்டாத இடங்களிலிருந்து கடுகளவுத் துணுக்குகளை எடுத்து, ரெசினில் பதித்து, குறுக்காக அரைத்து மெருகேற்றி நுண்ணோக்கியில் காண்கின்றனர். ஒன்றன்மேல் ஒன்றான பூச்சுகளும், அவற்றிடையே படிந்த புகையும் அழுக்கும் அப்போது தனித்தனி அடுக்குகளாகத் தெரியும். புற ஊதா ஒளியில் அரக்கு வார்னிஷ் செம்மஞ்சளாக ஒளிர்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். டைட்டானியம் வெள்ளை இருபதாம் நூற்றாண்டில்தான் விற்பனைக்கு வந்தது என்பதால், அது கலந்த அடுக்கும் அதற்கு மேலுள்ளவையும் காலனிக் காலத்தவை அல்ல என்று உறுதியாகக் கூறலாம். ஆனால் நிறத்தை அப்படியே நம்பிவிட முடியாது. வண்ணத்தைக் குழைக்கப் பயன்பட்ட ஆளிவிதை எண்ணெய் இருளில் மஞ்சளிப்பதால், மேற்பூச்சுகளுக்கு அடியில் நெடுங்காலம் கிடந்த வெள்ளை பழுப்பாகவும், நீலம் பச்சையாகவும் தோன்றக்கூடும். காலனிக் கால நிறங்கள் மங்கலானவை என்ற எண்ணம் வேரூன்றியதற்கு இந்த மஞ்சளிப்பும் ஒரு காரணம்.

மரத்தின் பழுதுகளுக்கும் இப்பூச்சுகளுக்கும் தொடர்பு உண்டு. நாருக்குக் குறுக்காக மரம் ஈரத்தில் விரிந்து வறட்சியில் சுருங்கும் என்பதால், அக்காலத் தச்சர்கள் பலகையைப் பசையிட்டு ஒட்டாமல், சட்டத்தின் உட்புறம் வெட்டிய காடியில் தளர்வாகச் செருகி விட்டனர். பின்வந்தோர் பூச்சின்மேல் பூச்சு ஏற்றியதால் ஓரங்கள் பிடிபட்டு, குளிர்காலத்தில் அறையைச் சூடேற்றும்போது சுருங்க வழியின்றிப் பலகை நடுவே பிளக்கிறது. அவ்விளிம்பை விடுவிக்காமல் பிளவை மட்டும் அடைத்தால், அடுத்த குளிர்காலத்தில் அது மீண்டும் பிளக்கும். உளுத்த பகுதியை நீக்கி, அதே இன மரத்துண்டை நாரோட்டம் பொருந்துமாறு பதித்து, தேவைப்பட்டால் வெப்பத்தாலும் ஈரத்தாலும் இளக்கிப் பிரிக்கக்கூடிய வச்சிரத்தால் ஒட்டுவது வழக்கம்.

பழைய பூச்சுகளில் ஈயம் மிகுதி. வீட்டு வண்ணங்களில் ஈயத்தை அமெரிக்கா 1978இல்தான் தடைசெய்தது. உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தால் நச்சுத்தூசியும், தீச்சுடரால் பொசுக்கினால் நச்சாவியும் எழும் என்பதால், பரப்பை நனைத்துக்கொண்டு, உரியும் பகுதிகளை மட்டும் அகற்றுகின்றனர். எஞ்சும் பழைய அடுக்குகளின் மேல், பின்னாளில் கரைத்து நீக்கக்கூடிய வார்னிஷைத் தடுப்பாகப் பூசி, அதன் மீதே புதிய வண்ணத்தை ஏற்றுகின்றனர்.