9 மில்லிமீட்டர் இடைவெளி

மோட்டார் கிடையாது, மின்சாரமும் வேண்டாம். மேசை விளிம்பில் திருகிப் பொருத்திய, ஏறக்குறைய ஒரு மீட்டர் நீள உலோகப் படுகை. அதில் வரிசையாகச் சுமார் 110 ஊசிகள். மேலே, கையால் இருபுறமும் தள்ள ஒரு கேரேஜ். ஜப்பானின் பிரதர் நிறுவனம் 1980களில் விற்ற கேஹெச்-260 என்ற தடிநூல் பின்னல் இயந்திரம் இவ்வளவுதான். கேரேஜை ஒருமுறை தள்ளினால் ஒரு வரிசை முழுவதும் பின்னி முடிந்துவிடும்.

எப்படி? ஊசியின் முனையில் ஒரு கொக்கி. அதன் வாயை மூட ஒரு சிறு தாழ். கேரேஜின் அடியிலுள்ள சரிவான தடங்கள் ஊசியை முன்னே தள்ளும்போது, அதில் தொங்கும் கண்ணி பின்னால் நழுவுகிறது. நழுவும் போக்கிலேயே தாழைத் திறந்துவிடுகிறது. திறந்த கொக்கியில் புது நூல் விழுகிறது. ஊசி பின்வாங்கும்போது அதே பழைய கண்ணி தாழை மூடிவிட்டு, கொக்கியைத் தாண்டிக் கழன்று, புதுக் கண்ணியைப் பற்றித் தொங்குகிறது. 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ உருவாக்கிய பின்னல் இயந்திரத்தில் கொக்கியை அழுத்தி மூடத் தனிப் பட்டை தேவைப்பட்டது. 1840களின் பிற்பகுதியில் லெஸ்டர் நகரின் மேத்யூ டவுன்செண்ட் தாழ் ஊசிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு கொக்கியை மூடும் வேலை கண்ணியின் பொறுப்பானது. திருப்பூரில் பனியன் துணி பின்னும் வட்ட இயந்திரங்களிலும் தாழ் ஊசிதான் ஓடுகிறது.

எவ்வளவு தடித்த நூலைப் போடலாம் என்பதை ஊசிகளின் இடைவெளி தீர்மானிக்கிறது. வழக்கமான வீட்டு இயந்திரத்தில் அது 4.5 மி.மீ.; ஊசிகள் 200. தடித்த கம்பளி நூல் அங்கே கொக்கிக்குள் அடங்காது. கண்ணிகள் நெருக்கியடித்துக் கேரேஜ் திணறும். கேஹெச்-260இல் இடைவெளி 9 மி.மீ. அகலத்திலும் உயரத்திலும் கண்ணிகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகும். அதே அளவு ஸ்வெட்டருக்கு மொத்தத்தில் கால்வாசிக் கண்ணிகள் போதும்.

கையால் பின்னுகிறவரின் விரல்கள் செய்யும் வேலைகளைத் துணைக்கருவிகள் பங்கிட்டுக்கொள்கின்றன. நூலைத் தொய்யாமல் பிடிப்பது, உயரமான தண்டின் உச்சியிலுள்ள கம்பிச் சுருள். துணியைக் கீழே இழுப்பது, நகங்கள் கொண்ட எடைக்கட்டிகள். அவை இல்லையென்றால் பழைய கண்ணி ஊசியோடு சேர்ந்தே முன்னே வரும், தாழ் திறக்காது. வரிசைகளை எண்ணுவது, கேரேஜ் கடக்கும்போது தட்டிச் செல்லும் எண்ணி. 24 கண்ணி அகலத் துளை அட்டை, எந்த ஊசி எந்த நூலை எடுக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிறது. மணிக்கட்டுப் பட்டிக்கு வேண்டிய நெகிழும் பின்னலுக்கு, எதிரே இரண்டாவது ஊசிப் படுகையை மாட்டலாம்.

பழைய இயந்திரம் வாங்குகிறவர் முதலில் உருவிப் பார்க்க வேண்டியது வேறொன்று: ஊசிகளின் மேல் குறுக்கே செருகிய பட்டை. அதன் அடியிலுள்ள நுரைப்பஞ்சுதான் எல்லா ஊசிகளையும் படுகையில் அழுத்தி வைக்கிறது. ஆண்டுகள் போகப் போகப் பஞ்சு தட்டையாகும், பிசுபிசுக்கும், பொடியாகும். அப்போது ஊசிகள் மேலெழும்பித் தடத்தைத் தவறவிடும், கண்ணிகள் உதிரும், கேரேஜ் சிக்கும். இயந்திரமே பழுது என்று பலர் ஒதுக்கிவிடுவார்கள். ஊசிகளில் குறையில்லையென்றால், புதுப் பஞ்சு ஒட்டிய பட்டையைச் செருகினாலே அது மறுபடி பின்னத் தொடங்கும்.