மேப்பில் கலர் அடித்தால் நிலத்தில் கனிமம் இருக்குமா?

மேப்புக்குக் கீழே 1 : 50,000 என்று போட்டிருப்பதைப் பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். பூமிக்குள் எவ்வளவு கனிமம் இருக்கிறது என்ற கணக்கே அந்த எண்ணைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பம். பெரிய அளவை மேப் என்றால் பெரிய நாட்டைக் காட்டுவது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை! உலக மேப்தான் சிறிய அளவை. வி.ஏ.ஓ. கிட்ட இருக்கிற புலப்படம் பெரிய அளவை. அதுல ஒவ்வொரு காட்டோட எல்லையும் தெரியும். அட்லஸ்ல நம்ம ஊர் பேரே இருக்காது.

1 : 50,000 மேப்பில் 1 மி.மீ. என்றால் தரையில் 50 மீட்டர். பென்சில் கோடே அரை மி.மீ. இருக்கும். அந்தக் கோடு மட்டும் 25 மீட்டர் நிலத்தை மூடிக்கொள்ளும்!

நம்ம சேலத்தில் வெள்ளக்கல்பட்டிப் பக்கம் மேக்னசைட் கிடைக்கிறது. இரும்பு உருக்கும் உலைக்குள் வைக்கிற, சூடு தாங்கும் செங்கல் செய்ய இது வேண்டும். இது டுனைட் என்ற பாறைக்குள், கையில் பச்சை நரம்பு ஓடுகிற மாதிரி ஓடுகிறது. சில நரம்பு விரல் தடிமன், சிலது மீட்டர் கணக்கு. 1 மீட்டர் நரம்பை 1 : 50,000 மேப்பில் வரைய 0.02 மி.மீ. கோடு போட வேண்டும். யாரால் முடியும்? அதனால் பாறைப் பகுதி முழுவதுக்கும் ஒரே கலர் அடித்துவிடுவார்கள். 1 : 1,000 மேப்பில் அதே நரம்பு 1 மி.மீ. கோடாகத் தெரியும்.

டன் கணக்கும் மாறும். ஒரு சுண்ணாம்புக்கல் படுகை 2,000 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம், 20 மீட்டர் ஆழம் என்று வையுங்கள். ஒரு கனமீட்டர் இரண்டரை டன் என்றால் மொத்தம் 1 கோடி டன். இரண்டு பக்கமும் எல்லை ஒரு பென்சில் கோடு அளவு தள்ளிப் போனால் அகலம் 150 மீட்டர். இப்போது 1 கோடியே 50 லட்சம் டன்! அரை மி.மீ. செய்கிற வேலை.

அப்படியானால் எல்லா இடத்தையும் 1 : 1,000-ல் வரையலாமே? 1 : 50,000-ல் ஒரு தாள் சுமார் 700 சதுர கி.மீ. காட்டும். அதையே 1 : 1,000-ல் வரைந்தால் ஒரு மீட்டர் சதுரச் சார்ட் 700 வேண்டும். இந்தியா முழுக்க என்றால் நினைத்தாலே தலை சுற்றுகிறது. அதனால் 1851-ல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் முதலில் சிறிய அளவையில் பார்க்கும். சந்தேகம் வருகிற இடத்தில் மட்டும் பெரிய அளவையில் வரைந்து துளை போடும்.

இந்த ஆய்வுக்கு ஜி4, ஜி3, ஜி2, ஜி1 என்று நான்கு நிலை. (ரேங்க் மாதிரி, எண் குறையக் குறைய நம்பிக்கை கூடும்.) 2023 பிப்ரவரியில் ஜம்மு காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் லித்தியம் தாது என்று செய்தி வந்தது. அது ஜி3 நிலையில் ஊகித்த கணக்கு. பல பேர் அந்த 'ஊகித்த' என்ற வார்த்தையைப் படிக்கவே இல்லை.

போன வருஷம் எங்க பெரியப்பாகிட்ட ஒருத்தர் கலர் மேப் ஜெராக்ஸைக் காட்டி, "உங்க காடு மேக்னசைட் பகுதியில வருதுங்க, தோண்டுற செலவுல பாதி போடுங்க" என்றார். பெரியப்பா பெரியம்மா நகையை அடகு வைக்கிற அளவுக்கு வந்துவிட்டார். காட்டின் அகலம் 60 மீட்டர்தான். 1 : 50,000-ல் அது 1.2 மி.மீ. கலரின் எல்லைக் கோடு அதற்கு மேலேயே போகிறது. உள்ளேயா வெளியேயா என்று அந்த மேப் சொல்லவே முடியாது. காட்டில் கிடந்த வெள்ளைக்கல்லை அறிவியல் சார் கத்தி முனையால் கீறிப் பார்க்கச் சொன்னார். மேக்னசைட் என்றால் கீறல் விழும். விழவில்லை, வெங்கச்சங்கல்!

இன்னொன்று: அந்த ஜெராக்ஸ் இரண்டு மடங்கு பெரிதாக்கியது. பெரிதாக்கினால் கோடும் சேர்ந்து தடிக்கும், புது விவரம் ஒன்றும் வராது. அச்சடித்த 1 : 50,000 என்ற எண் மட்டும் பொய்யாகிவிடும். பக்கத்தில் கி.மீ. குறித்த கோட்டு அளவை இருந்தால் அதுவும் சேர்ந்து நீளும், அதனால் அது சரியாகவே இருக்கும். ஜெராக்ஸ் மேப் கையில் வந்தால் அதை வைத்து அளங்கள்.

- 9-ஆம் வகுப்பு மாணவி