தொழினுட்பக் கொள்கையும் சமுதாயமும்: ஓர் ஆராய்ச்சித் துறை அறிமுகம்

பல்கலைக்கழகங்கள் வழங்கும் புலமைப்பரிசில்கள் பலவகைப்படும். பட்டம் பெறுதற்கு உதவுவன சில. பட்டத்தைக் கருதாது, ஒரு வினாவை ஆராய்தற்கென்றே ஓராண்டோ ஈராண்டோ ஒருவருக்கு உதவுதொகையும், நூலகமும், அறிஞர் துணையும் அளிப்பன வேறு சில. பின்னையவற்றையே ஆராய்ச்சிப் புலமைப்பரிசில் என இக்கட்டுரை குறிக்கின்றது. அவற்றுள்ளும் ‘தொழினுட்பக் கொள்கையும் சமுதாயமும்’ என்னும் துறைக்கு உரியனவற்றை நம் மாணவர் பெரும்பாலும் அறியார். மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்னும் பெயர்கள் தீவகத்தின் ஒவ்வொரு வீட்டிலும் வழங்குகின்றன. இத்துறையின் பெயர் வழங்குவதில்லை. ஆயினும் இத்துறை எழுப்பும் வினாக்கள் தீவக மக்களின் அன்றாட வாழ்வோடு பெரிதும் பிணைந்தவை. அதனைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொற்பொருளைத் தெளிதல் நன்று. தொழினுட்பம் என்பது கருவியும் அதனை ஆக்கும் அறிவும். கொள்கை என்பது எக்கருவியை, எவ்விடத்தில், எவர் செலவில், எவர் பொருட்டு அமைத்தல் வேண்டும் என்னும் முடிபு. சமுதாயம் என்பது அம்முடிபின் பயனையும் சுமையையும் ஏற்று வாழும் மக்கள். ஒரு கருவி இயங்குமா என்று பொறியியலாளர் வினவுவர். செலவு எவ்வளவு என்று கணக்காளர் வினவுவர். எப்பொழுது நிறைவுறும் என்று ஆள்வோர் வினவுவர். இதனால் எவருக்கு என்ன நேரும், அவரை எவரேனும் கேட்டனரா என்னும் வினாவோ எவருக்கும் உரிய கடமையாக அமைவதில்லை. அக்கடமையை ஏற்பதற்கே இத்துறை தோன்றிற்று.

இது தமிழர்க்கு முற்றிலும் புதிய சிந்தனையன்று. திருக்குறளின் 47ஆம் அதிகாரம் தெரிந்து செயல்வகை. ஒரு வினையைத் தொடங்குமுன் அதனால் அழிவது, ஆவது, பின்னர்ப் பயக்கும் ஊதியம் என்னும் மூன்றையும் எண்ணிப் பார்க்குமாறு அது பணிக்கின்றது. அழிவது எவருக்கு, ஆவது எவருக்கு என்னும் வினாவையும் அவற்றோடு சேர்த்துக் கேட்பதே இக்கால ஆராய்ச்சியாளர் செய்வது.

இனி, நம் கண்முன் நிகழ்ந்த ஒன்றை எடுத்து நோக்குவாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் தாம்போதியாலோ பாலத்தாலோ பெருநிலத்தோடு இணைக்கப்படாதவை. நாட்டின் மின்வலையும் அவற்றை எட்டவில்லை. ஆதலின் டீசல் மின்பிறப்பாக்கிகளே அங்கு மின்சாரம் தந்து வந்தன. டீசலோ கடல்வழியே செல்லுதல் வேண்டும். இலங்கை முழுவதற்கும் மின்கட்டண விகிதம் ஒன்றே. தீவுகளில் மின்னை ஆக்கும் செலவோ மிகுதி. அவ்வேறுபாடு மின்சார சபையின் நட்டமாயிற்று. தென்மேல் பருவக்காற்றும் ஆண்டின் பெரும்பகுதி வெயிலும் வாய்த்த தீவுகளில், காற்றாலையும் சூரியத் தகடும் மின்கலமும் சேர்ந்த கலப்பு மின்முறையே தக்கது என்பது பொறியியலாளர் துணிபு. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் எழுவைதீவில் இத்தகைய சிறு அமைப்பொன்று முன்னரே நிறுவப்பட்டிருந்தது.

மூன்று தீவுகளுக்கும் உரிய திட்டத்திற்கு அவ்வங்கியின் நிதியுதவியோடு கேள்விப்பத்திரம் கோரப்பட்டது. 2021 சனவரியில் அமைச்சரவை அவ்வேலையைச் சீன நிறுவனங்களின் கூட்டொன்றுக்கு வழங்க இசைந்தது. இராமேசுவரத்திற்கு அணித்தாய் உள்ள தீவுகள் இவை என்பதால், தன் பாதுகாப்பைக் காட்டி இந்தியா மறுப்புத் தெரிவித்தது. தானே நன்கொடை தருவதாகவும் கூறிற்று. 2021 டிசெம்பரில் சீனத் தூதரகம் வேலை இடைநிறுத்தப்பட்டதாக அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை ஏற்பட்டது. 2024 மார்ச் 1ஆந் திகதி, 11 மில்லியன் அமெரிக்க டொலர் இந்திய நன்கொடையுடன், பெங்களூர் நிறுவனமொன்றோடு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மூன்று தீவுகளுக்கும் சேர்த்து 1,700 கிலோவாற்றுச் சூரிய மின், 530 கிலோவாற்றுக் காற்று மின், 2,400 கிலோவாற்று மணி கொள்ளும் மின்கலம், துணையாக 2,500 கிலோவாற்று டீசல் மின் என்பன அவ்வொப்பந்தத்தின் அளவுகள்.

ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. மூன்று நாட்டு அரசுகள் இதனைக் குறித்துப் பேசின. தூதரகங்கள் பேசின. கொழும்பு, புதுடெல்லி நாளிதழ்கள் எழுதின. விளக்கேற்றக் காத்திருந்த தீவாரின் கருத்து அவ்வுரையாடலில் கேட்கப்படவில்லை. காற்றாலை பழுதுற்றால் திருத்துவோர் எங்கிருந்து வருவர்? தீவின் இளைஞர் எவரேனும் அத்தொழிலில் பயிற்றப்படுவரா? மின்கலம் தேய்ந்த காலத்தில் அதனை மாற்றும் செலவு எவரைச் சாரும்? மேய்ச்சல் நிலமும், நெடுந்தீவுக்கே உரிய குதிரைகள் திரியும் வெளியும் எவ்வாறு பேணப்படும்? இவை சிறு வினாக்கள் போலத் தோன்றும். ஆயினும் இவ்வகை வினாக்களுக்கு விடை காணப்படாமையாலேயே உலகெங்கும் பல திட்டங்கள், திறப்புவிழாக் கண்ட சில ஆண்டுகளுள் துருப்பிடித்துக் கிடக்கின்றன.

பெருநிலத்திலும் இத்தகையதோர் எடுத்துக்காட்டு உண்டு. இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணக் குடாநாட்டின் குடிநீருக்குக் கொணரும் திட்டம் வகுக்கப்பட்டபொழுது, பொறியியற் கணக்குகள் செம்மையாகவே இருந்தன. கிளிநொச்சி உழவரோ, தம் வயலுக்குரிய நீர் குறையும் என அஞ்சி எதிர்த்தனர். இரு சாராரும் தமிழர். இரு சாராரும் நீரின்றி வாடியவர். இறுதியில் கடல்நீரை நன்னீராக்கும் வழி தெரிந்தெடுக்கப்பட்டது. வடமராட்சி கிழக்கில் தாளையடியில், நாளொன்றுக்கு 24 மில்லியன் லீற்றர் நீர் தரும் நிலையம் 2024 ஓகத்து 2ஆந் திகதி திறந்துவைக்கப்பட்டது. தொடக்கத்திலே கேட்கப்படாத சமுதாய வினா, பின்னர்ப் பல ஆண்டுத் தாமதமாக வந்து நின்றது.

இத்தகைய வினாக்களை முறையாக ஆராயும் நிலையங்கள் எவ்வாறு தோன்றின என்பதைச் சுருக்கமாகக் கூறுதும். 1966இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில், கிறிஸ்தோபர் பிறீமன் தலைமையில் விஞ்ஞானக் கொள்கை ஆராய்ச்சிப் பிரிவு தொடங்கிற்று. ஏழை நாடுகள் தமக்குரிய விஞ்ஞான ஆற்றலைத் தம்மகத்தே வளர்த்தல் வேண்டும் என வற்புறுத்திய ‘சசெக்ஸ் அறிக்கை’ 1970இல் அங்கு உருவாயிற்று. அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் 1973 முதலாக விஞ்ஞானிகளை ஓராண்டுக் காலத்திற்குச் சட்டமன்றத்தாரோடு இருந்து பணிபுரிய அனுப்பி வருகின்றது. ஹாவாட் பல்கலைக்கழகத்தில் சீலா யசனொவ் நிறுவிய விஞ்ஞான, தொழினுட்ப, சமுதாய ஆய்வுத் திட்டம் பல நாட்டு ஆராய்ச்சியாளருக்கு இடமளிக்கின்றது. கல்கத்தாவிற் பிறந்த அவ்வம்மையார் முதலிற் கற்றது கணிதம். கலாநிதிப் பட்டம் பெற்றது மொழியியலில். அதன்பின் சட்டம் பயின்றார். 2022இல் நோர்வே நாட்டின் ஹொல்பேர்க் பரிசு அவருக்குக் கிடைத்தது. கலைப்பிரிவு மாணவர்க்கு இத்துறையின் கதவு அடைபட்டதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

நமக்கு அண்மையிலும் இம்முயற்சிகள் உள. இந்திய அரசின் விஞ்ஞான தொழினுட்பத் திணைக்களம் கொள்கை ஆராய்ச்சிக்கெனப் புலமைப்பரிசில் வழங்கியதோடு, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம் முதலிய இடங்களில் அதற்குரிய நிலையங்களையும் அமைத்தது. கொழும்பில் 2004இல் தோன்றிய லேர்ன் ஏசியா என்னும் நிறுவனம், தொலைத்தொடர்புக் கொள்கை பற்றி ஆராய்ந்து, ஆசியாவின் இளம் ஆராய்ச்சியாளரையும் பயிற்றிற்று. 1959இல் வகுக்கப்பட்ட பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டம், இலங்கைப் பட்டதாரிகள் பிரித்தானியா சென்று உயர்கல்வி பெறுதற்கு வழிசெய்தது.

இவ்வகை ஆராய்ச்சியின் பயனை விளக்க, பெங்களூரில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுதல் போதும். இந்திய விஞ்ஞானக் கழகத்து மின்னிரசாயன அறிஞர் அமூல்யா ரெட்டி, 1974இல் கிராமங்களுக்குரிய தொழினுட்பத்தை ஆராய ‘அஸ்திரா’ என்னும் பிரிவை அங்குத் தோற்றுவித்தார். தும்கூர் மாவட்டத்துப் பூரா என்னுஞ் சிற்றூரில் சாண எரிவாயு நிலையம் அமைத்து, சமையலுக்கு வாயு வழங்க முயன்றனர். வேண்டிய அளவு சாணம் கிடையாமையால் அது நிலைக்கவில்லை. பின்னர் ஊராரின் தேவையை உசாவியபொழுது, அவர்க்கு முதன்மையானது குடிநீரே என்பது புலனாயிற்று. 1987இல் அதே வாயுவைக் கொண்டு மின்னாக்கி, நீர் இறைக்கவும் விளக்கேற்றவும் முறை மாற்றப்பட்டது. ஊரார் அதனை ஏற்றனர். கருவி பெரிதும் பழையதே. கேட்கப்பட்ட வினாவே புதியது.

இனி, இப்புலமைப்பரிசிலை நாடுவோர் செய்யத்தக்கன யாவை? பெரும்பாலும் ஒரு பட்டமும், சிறந்த விண்ணப்பமும், இரண்டு மூன்று ஆசிரியரின் பரிந்துரையும் வேண்டப்படும். உயர்நிலைப் பரிசில்கட்குக் கலாநிதிப் பட்டம் வேண்டும். விண்ணப்பத்தின் உயிர்நிலை ஆராய்ச்சி முன்மொழிவே. அதன்கண் வினா ஒன்றாகவும் குறுகியதாகவும் இருத்தல் வேண்டும். ‘தொழினுட்பமும் மனித வாழ்வும்’ என்பது மேடைப்பேச்சின் தலைப்பு. ‘தீவகக் கடலில் கடலட்டைப் பண்ணைகள் பெருகியபின் கரைவலைத் தொழிலாளர்க்கு நேர்ந்தது யாது?’ என்பது ஆராய்ச்சி வினா. ‘குறிகட்டுவானில் இருந்து படகு புறப்படாத நாட்களில், நெடுந்தீவு நோயாளர்க்குத் தொலைவழி மருத்துவம் எவ்வளவு உதவும்?’ என்பது மற்றொன்று. இவற்றை வினவுதற்கு வெளிநாட்டு அறிஞர் ஒருவர் வருதல் கூடும். ஆயின் காற்றின் பருவத்தையும், படகின் நேரத்தையும், ஊராரின் பேச்சையும் அறிந்த நம் மாணவருக்கு இவ்வினாக்களில் உள்ள உரிமை பிறர்க்கு இல்லை.

பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் பாலம், அதற்காக உழைத்தவரின் பெயரை இன்றுந் தாங்கி நிற்கின்றது. கல்லூரிகளுக்குக் கட்டடமும் விளையாட்டரங்கும் ஈந்த வள்ளன்மையும் நம்மவரிடம் குறைந்ததில்லை. இவ்விழா ஆண்டில், நம் சங்கம் ஒரு சிறு ஆராய்ச்சிப் புலமைப்பரிசிலை நிறுவுதல் கூடும். ஆண்டுக்கு ஒரு பட்டதாரி. தீவகத்தைப் பற்றிய ஒரே வினா. மேற்பார்வைக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஆசிரியர் ஒருவர். அப்பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் 2014 முதல் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கி வருதலின் துணைக்குக் குறைவில்லை. முடிவில் ஆராய்ச்சி அறிக்கை தமிழில் எழுதப்படுதல் வேண்டும்; அதனை அத்தீவிலேயே, அத்தீவார் முன்னிலையில் வாசித்து, அவர்தம் மறுப்பையும் கேட்டுப் பதிதல் வேண்டும். கட்டடத்திற்கு ஆகும் செலவில் சிறு கூறே இதற்குப் போதும்.

தீவகத்தின் பல வீடுகள் இன்று பூட்டிக் கிடக்கின்றன. எஞ்சி வாழ்வோரின் நீரையும், ஒளியையும், வழியையும் பற்றிய முடிபுகள் தொலைவிலே எடுக்கப்படுகின்றன. அம்முடிபுகள் எடுக்கப்படும் மன்றத்தில், ஆராய்ந்து தெளிந்த அறிவோடு நம்மவர் ஒருவர் எழுந்து பேசுதல் வேண்டும். அங்ஙனம் பேசவல்லாரை ஆக்குவதே இப்புலமைப்பரிசில்களின் பயன்.