எலுமிச்சை பிழிந்தால் கிருமி சாகுமா?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி லீவில் வந்தபோது, "அங்கே ஹோட்டல்ல சிப்பியைப் பச்சையாவே எலுமிச்சம்பழம் பிழிஞ்சு சாப்பிடுறாங்கக்கா, ஒண்ணும் செய்யாது" என்றான். ஈரல் கோளாறுக்கு மருந்து சாப்பிடும் என் மாமனார் அதை ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பக்கென்றது.

கடலே இல்லாத நெய்க்காரப்பட்டிக்காரிக்கு இந்தக் கவலை எதுக்குன்னு கேட்காதீங்க. இறாலும் நண்டும் ஐஸ் போட்டு நம்ம வாசலுக்கே வருதே!

சிப்பி, மட்டி எல்லாம் தண்ணீரை உறிஞ்சி, வடிகட்டித்தான் இரை எடுக்கும். தண்ணீரில் உள்ள கிருமியும் அதன் வயிற்றில் சேர்ந்துவிடும். விப்ரியோ என்ற கிருமி கடல் தண்ணீரிலேயே வாழ்வது. காலராக் கிருமியும் இந்தக் குடும்பம்தான். 1950-ல் ஜப்பானில் ஒசாகா பக்கம் இதில் ஒரு வகையால் 272 பேர் நோயில் விழுந்து, 20 பேர் இறந்துபோனார்கள். சாப்பிட்டது அரைகுறையாகக் காய்ந்த பொடிமீன். அதே வகையின் புது ரகம் 1996-ல் கல்கத்தாவில் தலைகாட்டி, பல நாடுகளுக்கும் பரவியது.

திடமாக இருப்பவர்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கோடு சில நாளில் சரியாகிவிடும். ஆனால் விப்ரியோவில் இன்னொரு வகை, ஈரல் கெட்டவர்களின் ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. சர்க்கரைக்காரர்களும் ஜாக்கிரதையாக இருக்கணும்.

எலுமிச்சை, வினிகர், மிளகாய் எதை நம்பியும் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. நல்ல சூடுதான் இந்தக் கிருமியைக் கொல்லும். அதனால் தோழிகளே:

* இறால் நறுக்கிய அரிவாள்மனையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வெங்காயம், வெள்ளரிக்காய் நறுக்காதீர்கள்.
* பச்சை இறால் வைத்த பாத்திரத்தில் வெந்ததைப் போடாதீர்கள்.
* கொதித்த பிறகும் வாய் திறக்காத மட்டியைத் தூக்கிப் போடுங்கள்.
* மிச்சக் குழம்பை வெளியிலேயே வைக்காதீர்கள். வெதுவெதுப்பான இடத்தில் இந்தக் கிருமி பத்து நிமிஷத்தில்கூட இரண்டு மடங்காகும்.

இன்னொன்றும் சொல்லணும். சில சமயம் கடல்பாசியின் விஷம் மட்டியில் ஏறிவிடும். அது வேகவைத்தாலும் போகாது. 1981-ல் நம் தமிழ்நாட்டில் மட்டி சாப்பிட்டு 3 பேரும், 1997-ல் கேரளாவில் விழிஞ்ஞத்தில் சிப்பி சாப்பிட்டு 7 பேரும் இப்படித்தான் இறந்தார்கள். சாப்பிட்டதும் உதடு, நாக்கு மரத்துப்போனால் கை வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

'வெந்ததைத் தின்று...' என்று சலிப்பாகச் சொல்வோம். சிப்பி, இறால் விஷயத்தில் வெந்ததைத் தின்பதுதான் புத்திசாலித்தனம்!

- ஒரு வாசகி, நெய்க்காரப்பட்டி