கண்டிப்புக்கு உரை சொன்ன அப்பாயிகள்

ஒரே கண்டிப்பு ஓர் ஊரில் அக்கறையாகவும் இன்னோர் ஊரில் வெறுப்பாகவும் தெரியுமா? தெரியும் என்று 1985-ல் எழுதினார்கள் அமெரிக்க ஆய்வாளர்கள் ரோனரும் பெட்டங்கிலும். தென்கொரியாவில் வளர்ந்த பதின்வயதுப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பான பெற்றோர் பாசமுள்ளவர்களாகத் தெரிந்தார்கள். அமெரிக்காவில் வளர்ந்த கொரியப் பிள்ளைகளுக்கு அதே கண்டிப்பு பாசக்குறைவாகப் பட்டது.

தஞ்சை வட்டாரத்தில் போன தலைமுறை வரை நாமும் தென்கொரியப் பிள்ளைகளைப் போலத்தான். இங்கே அப்பாக்கள் வாய்விட்டுப் பாராட்டியதில்லை. பிள்ளையை முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்ற பயம் வேறு. தமிழ்க் குடும்பம் ஒன்றோடு தங்கிய மானிடவியலாளர் மார்கரெட் டிராவிக், அன்பை அடக்கி வைக்கும் இந்த வழக்கத்தைப் பற்றி 1990-ல் வந்த தன் நூலில் விரிவாகவே எழுதியிருக்கிறார்.

அடக்கி வைத்த அன்பு பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது? சம்பா வயலுக்கு ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகும்போது மகனும் கூடப் போவான். அப்பா ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனால் வரப்பில் பாம்பு கிடக்கிறதா என்று டார்ச் லைட் அடித்துப் பார்த்துக்கொண்டு அவர்தான் முன்னால் நடப்பார். அடி வாங்கிய நாளில் திண்ணையில் அப்பாயி பக்கத்தில் வந்து உட்காருவாள். “நீ சாப்பிடலன்னு ஒங்கப்பனும் சாப்பிடாம கெடக்கான்டா” என்பாள். அப்பாவின் கோபத்துக்கு உரை சொல்ல வீட்டிலேயே ஆள் இருந்தது.

இன்று நடவுக்கு இயந்திரம் வந்துவிட்டது. அப்பா சிங்கப்பூரில், துபாயில், திருப்பூரில். அப்பாயி கிராமத்தில் தனியாக இருக்க, பிள்ளை டவுனில் படிக்கிறது. போனில் வருவது “மார்க் எவ்வளவு? எங்க இருக்க?” என்ற இரண்டு கேள்விகள்தான். கேட்பவரின் பாசம் குறையவில்லை. அதைக் காட்டிக்கொடுத்த வரப்பும் திண்ணையும் போய்விட்டன. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பாசம் புரியவில்லை என்ற புலம்பலை என்னால் ஏற்க முடியவில்லை.

பழைய கண்டிப்பையும் நான் கொண்டாடவில்லை. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு 2005-ல் வெளியானது. அடிப்பது சகஜமான சமூகத்தில் அடியின் பாதிப்பு சற்றுக் குறைவு, ஆனால் பதற்றமும் முரட்டுத்தனமும் அங்கேயும் கூடத்தான் செய்தன என்றது அது.

பெண் பிள்ளைகளின் கணக்கு இன்னும் கடுமையானது. அண்ணன் ராத்திரி பத்து மணி வரை டீக்கடையில் இருக்கலாம். தங்கை டியூஷன் விட்டு பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் போனைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள். எந்தத் தடை தன் நலனுக்கு, எது ஊர் வாய்க்கும் சாதிக்கும் பயந்து போட்டது என்று பதினாறு வயதுப் பெண்ணுக்கு நன்றாகவே தெரியும். 2024 ஜனவரியில் பட்டுக்கோட்டைப் பகுதியில், சாதி மாறி மணந்த மகளைக் கொன்றதாகத் தந்தையே கைதானார். இதைக் கண்டிப்பின் கணக்கில் யாரும் எழுத வேண்டாம்.

அந்த இரண்டு கேள்விகளோடு நிற்காமல், தான் தங்கியிருக்கும் அறையைப் போனில் காட்டி, இன்று என்ன சமைத்தேன் என்று சொல்லும் அப்பாக்களும் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் சண்டை இல்லாமல் இல்லை. “ஏன் போகக் கூடாது?” என்று மகள் திருப்பிக் கேட்கிறாள், அப்பா காரணம் சொல்கிறார்.