சீன டிராகனின் நகங்கள்

மேலைநாட்டுக் கதைகளில் வரும் டிராகன் தீயைக் கக்கும். இறுதியில் வீரன் கையால் மாளும். சீனரின் 'லுங்' அத்தகைய கொடிய விலங்கன்று. அது நீருக்குரியது, மழை தருவது. வறட்சியில் உழவர் அதனை வேண்டி நின்றனர். இரண்டையும் ஒரே பெயரால் வழங்குவதே குழப்பத்திற்குக் காரணம்.

மானின் கொம்பு, பாம்பின் கழுத்து, கெண்டையின் செதில், கழுகின் நகம் என அதன் உருவைப் பழைய சீன நூலோர் வகுத்துரைத்தனர். எனினும் சிற்பத்தில் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியவை நகங்களே. மிங், சிங் மரபினர் காலத்தில் ஐந்து நகமுடைய டிராகன் பேரரசரின் சின்னமாயிற்று.

தாத்தோங் நகரில், மிங் முதற் பேரரசரின் பதின்மூன்றாம் மகனது அரண்மனை முன் 1392-இல் எழுந்த சுவர் 45 மீட்டர் நீளமுடையது. மெருகிட்ட வண்ண ஓடுகளால் ஆன அதன் ஒன்பது டிராகன்களுக்கும் நகங்கள் நான்கே. பேரரசரின் மகனுக்கும் ஐந்தாம் நகம் இல்லை!

பெய்ஜிங் அரண்மனையில் 1772-இல் எழுப்பிய சுவரிலோ ஐந்து நகங்கள். அங்குள்ள வெள்ளை டிராகனின் வயிற்றில் ஒரு துண்டு மட்டும் மரம். ஓடு உடைந்துவிட, தண்டனைக்கு அஞ்சிய கைவினைஞர் இரவோடிரவாக மரத்தைச் செதுக்கி வெள்ளை பூசிப் பொருத்தினர் என்பது செவிவழிக் கதை. பூச்சு உதிர்ந்து மரம் இன்று வெளியே தெரிகின்றது.